பழக்கத்துக்கு யார் கூலி கொடுப்பது? – ஒரு நெசவாலை ஆய்வை சங்கரன்கோவிலில் இருந்து வாசித்தல்

'ஒரு குழுவில் நல்ல வேலைப் பழக்கங்களை வளர்ப்பது எப்படி' என்று தேடிப் பாருங்க. கிடைக்கிற எழுத்தில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். சின்னதாகத் தொடங்கு, தினமும் செய், மேலாளர் முன்மாதிரியாக நடக்கட்டும், செய்தவரைப் பாராட்டு. இதில் எதுவும் தப்பு கிடையாது. ஆனால் பழக்கம் என்றால் அதற்கு நேரம் ஆகும், அந்த நேரம் யாரோ ஒருவருடையது, அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்ற விஷயம் மட்டும் அந்த எழுத்தில் எங்கேயும் வராது.

இந்தப் பதிவில் அந்த வகை எழுத்தை விட்டுவிட்டு, இந்த விஷயத்தில் இந்தியாவில் இருந்து வந்த ஆகச் சிறந்த ஆதாரம் என்று நான் நினைக்கிற ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். அது நெசவாலைகளில் நடந்தது. நான் உட்கார்ந்து எழுதுவதும் விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஊரில்தான். சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோமதியம்மனும் ஆடித்தபசும் பிரியாணியும் ஞாபகத்துக்கு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அதோடு தறியும் சேலையும் சேரும். அதனால் இந்த ஆய்வை வாசிக்கும்போது எனக்கு வந்த கேள்விகள், பொருளாதார வகுப்பறையில் வருகிற கேள்விகளில் இருந்து கொஞ்சம் விலகியவை.

ஆய்வு என்ன செய்தது

நிக்கோலஸ் புளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கன்சி, ஜான் ராபர்ட்ஸ் ஆகிய ஐந்து பேர் எழுதிய கட்டுரை 2013-ல் வெளியானது. 'நிர்வாகம் முக்கியமா? இந்தியாவில் இருந்து ஆதாரம்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் பருத்தித் துணி நெய்கிற 17 நிறுவனங்கள், அவற்றின் 28 ஆலைகள். சராசரியாக ஒரு நிறுவனத்தில் 270 பேர் போல வேலை பார்க்கிறார்கள். எல்லாம் குடும்ப நிறுவனங்கள்.

ஒரு சர்வதேச ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, அந்த ஆலைகளில் 38 நடைமுறைகளைப் புகுத்தப் பார்த்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தரையைச் சுத்தமாக வைப்பது, கருவிகளை அதனதன் இடத்தில் வைப்பது, எந்திரம் கெட்ட பிறகு பார்க்காமல் முறை வைத்துப் பராமரிப்பது, நூல் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவது, துணியில் விழுகிற குறையை வகை பிரித்துத் தினமும் எழுதுவது, அதை வைத்து தினமும் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவது. நாம் 'நல்ல வேலைப் பழக்கம்' என்று சொல்வது இதைத்தான்.

சில ஆலைகளுக்கு ஒரு மாதம் ஆய்ந்து பார்த்து 'இன்னின்ன குறை' என்று மட்டும் சொன்னார்கள். வேறு சில ஆலைகளுக்கு அதற்கு மேல் நான்கு மாதம் கூடவே இருந்து செய்து காட்டினார்கள். எந்த ஆலை எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இதனால்தான் ஆய்வுக்கு மதிப்பு. 'நல்ல நிறுவனங்களிடம் நல்ல பழக்கம் இருக்கிறது' என்று சொல்வது சுலபம். பழக்கத்தால் நிறுவனம் நல்லதானதா, நல்ல நிறுவனம் என்பதால் பழக்கம் வந்ததா என்று பிரிப்பதுதான் கஷ்டம். குலுக்கல் அந்த முடிச்சை அவிழ்க்கிறது.

முதல் ஆண்டிலேயே, முழு உதவி பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. துணிக் குறைகள் குறைந்தன, தேவையில்லாமல் தேங்கிக் கிடந்த நூல் இருப்பு குறைந்தது. மூன்று வருடத்துக்குள் அந்த நிறுவனங்கள் கூடுதல் ஆலைகளும் திறந்தன.

எனக்குப் பிடித்தது

இந்த ஆய்வில் எனக்கு முதலில் பிடித்தது, அது தொழிலாளியின் சோம்பேறித்தனம் என்கிற பழைய பல்லவியைப் பாடவே இல்லை. 'நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க' என்று எல்லாத் தொழிலிலும் ஒரு பேச்சு உண்டு. ஆய்வு விரலை மேலே நீட்டுகிறது. குறைகளை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாமல் போனதற்குக் காரணம், எழுதி வைப்பதால் லாபம் வரும் என்று முதலாளிகள் நம்பாததுதான். எங்கள் தரம் பக்கத்து ஆலைக்குச் சமம், பிறகு எதற்கு இது என்று இருந்தார்கள். வாங்கியவர் புகார் செய்தால் மட்டும்தான் குறை என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது, 'மோசமான நிர்வாகம் இருந்தால் போட்டியில் அடிபட்டுப் போகுமே' என்ற பாடப்புத்தக நம்பிக்கைக்கும் அது பதில் சொல்கிறது. நன்றாக நடக்கிற நிறுவனம்கூட ஓர் அளவுக்கு மேல் வளரவில்லை. ஏனென்றால் பொறுப்பைக் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் கொடுக்கத் தயங்கினார்கள். ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பதை, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்தே ஊகித்துவிடலாம் என்ற அளவுக்கு இருந்தது. தென்மாவட்டத்தில் வியாபாரக் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். 'இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா'ன்னு தோணும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அளந்து காட்டுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஒன்பது வருடம் கழித்து

இந்த ஆய்வின் முதல் பாகம் பிரபலம். மேலாண்மைப் பயிற்சி கொடுப்பவர்கள் 17 சதவீதத்தை மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் பாகத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அதே ஆலைகளுக்கு 2017-ல், அதாவது ஒன்பது வருடம் கழித்து, மறுபடி போய்ப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 2020-ல் வந்தது. சோதனை நடந்த ஆலைகளில் புதிதாகப் பிடித்துக்கொண்ட நடைமுறைகளில் கிட்டத்தட்ட பாதி கைவிடப்பட்டிருந்தன. மீதிப் பாதி நின்றது. அதனால் உதவி பெற்ற ஆலைகளுக்கும் பெறாத ஆலைகளுக்கும் இடையில் வித்தியாசம் அப்போதும் இருந்தது. அதே நிறுவனத்தின் வேறு ஆலைகளுக்குப் பழக்கங்கள் பரவின. பக்கத்து நிறுவனங்களுக்கு மிகக் கொஞ்சமே பரவின.

பாதி ஏன் போனது? அதிகமாகச் சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு: மேலாளர் மாறிப்போனார், இயக்குநருக்கு நேரம் இல்லை.

இந்த இரண்டு காரணங்களையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. ஒரு ஆலையின் பழக்கம் என்று நாம் நினைத்தது, உண்மையில் ஒரு மேலாளரின் பழக்கமாக இருந்திருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போகும்போது பையோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லையென்றால் ஓர் இயக்குநரின் கவனமாக இருந்திருக்கிறது. அவருக்கு வேறு வேலை வந்ததும் அது தளர்ந்துவிட்டது. தறியில் நிற்கிற ஆட்களில் யாராவது ஒருத்தர் 'இதை விட்டுடாதீங்க, எங்களுக்கு இது வேணும்' என்று கேட்டிருந்தால் மேலாளர் மாறினாலும் அது நின்றிருக்கும். அவர்கள் கேட்டார்களா, இல்லையா, ஏன் என்பதுதான் எனக்கு வேண்டிய பக்கம். அந்தப் பக்கம் இந்த ஆய்வில் மெலிந்து கிடக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: 38 நடைமுறைகளில் தொழிலாளிக்கு ஊக்கத்தொகை தருவது போன்றவையும் உண்டு. ஆனால் ஆய்வு முதன்மையாக அளந்தது தரம், இருப்பு, உற்பத்தி, உற்பத்தித்திறன். எல்லாம் நிறுவனத்தின் கணக்கு. பழக்கத்தைத் தினமும் கையால் செய்தவரின் கணக்கு தனியாக எழுதப்படவில்லை.

ஒரு கூலிக் கணக்கு

அந்தக் கணக்கை இங்கே நம்மூர்த் தறியை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். தாராப்பூர் ஆலைகள் வேறு, நம்மூர்த் தறிக்கூடம் வேறு என்பது தெரிந்ததுதான். இங்கே 270 பேர் வேலை செய்கிற ஆலையைத் தேட வேண்டியதில்லை. கொஞ்சம் தறிகள், அதை ஓட்டுகிற சிலர், தார் சுற்றிக் கொடுக்கிற பெண்கள், பாவு ஓட்டித் தருகிறவர், தறி மக்கர் பண்ணினால் வந்து பார்க்கிற பிட்டர், கூடத்துக்குச் சொந்தக்காரர். பல இடங்களில் நூல் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்பவர் இன்னொருவர். இவர்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் ஒரு சேலை. ஆனால் ஒரே சம்பளப் பட்டியலில் இவர்கள் எல்லோரும் இருக்க மாட்டார்கள். குழு என்ற சொல் இங்கே ஒட்டவே கொஞ்சம் சிரமப்படும்.

தறி ஓட்டுபவருக்குக் கூலி நெய்த அளவுக்கு. தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை. பாவு இழை ஒன்று அறுந்து அதைக் கவனிக்காமல் விட்டால் துணியில் நீளமாகக் கோடு விழும். எண்ணெய் தெறித்தால் கறை. இந்தக் குறைகளை வகை பிரித்து, நேரம் போட்டு, காரணத்தோடு நோட்டில் எழுத வேண்டும் என்பது ஆய்வு சொல்கிற தங்கமான பழக்கம்.

சும்மா ஒரு உதாரணத்துக்கு: ஒரு ஷிப்டில் ஐந்து தடவை எழுத வேண்டி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்று வையுங்க. பத்து நிமிடம். மாதம் 25 நாள் என்றால் 250 நிமிடம், நாலு மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர ஷிப்டில் அது பாதி. அதாவது 'சின்னப் பழக்கம், பத்தே நிமிஷம்' என்று சொல்லப்படுவதற்காக ஒருவர் மாதம் அரை நாள் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டும். எழுதிய நோட்டால் குறை குறைந்து, சேலை நல்ல விலைக்குப் போனால் அந்த லாபம் யாருக்கு? கூலி சேலைக்கு இவ்வளவு என்று முன்னமே பேசி முடித்தது. அதில் இந்த நோட்டுக்கு இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரரிடம் இதைக் கேட்டேன். ரொம்ப வருஷமாகத் தறியில் நிற்பவர். குறையை எழுதி வைத்தால் நல்லதுதானே அண்ணாச்சி என்றேன்.

"நல்லதுதான் தம்பி. எழுதுத நேரம் தறி நிக்கும்லா. அதைக்கூட விடு. என் கையாலயே 'இந்தா, இங்க கோடு விழுந்துட்டு'ன்னு எழுதிக் குடுத்துட்டு, சனிக்கிழமை கூலியில அதுக்கு பிடித்தம் போட்டா நான் யார்ட்ட போய்ச் சொல்ல?"

மேலாண்மைப் புத்தகங்கள் 'வெளிப்படைத்தன்மை', 'தவறைப் பயமின்றிச் சொல்லும் சூழல்' என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அண்ணாச்சி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். குறைக்குப் பிடித்தம் இருக்கிற கூடத்தில், குறையை எழுதுவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வது. அங்கே எழுதாமல் இருப்பதை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது. அது புத்திசாலித்தனம்.

சியால்கோட்டில் ஒரு வெட்டுக் கருவி

இது வெறும் ஊர்ப்பேச்சு என்று யாராவது நினைக்கலாம். இதே சிக்கலைக் குறி வைத்து அளந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. பாகிஸ்தானில் சியால்கோட் கால்பந்து தயாரிப்புக்குப் பேர் போன ஊர். டேவிட் ஆட்கின், எரிக் வெர்ஹூகன் உள்ளிட்டவர்கள் அங்கே செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது.

பந்து செய்ய ரெக்ஸின் தாளில் இருந்து ஐங்கோணத் துண்டுகளை வெட்ட வேண்டும். துண்டுகளை வேறு விதமாக அடுக்கி வெட்டினால் வீணாவது குறையும். ஆய்வாளர்கள் அதற்கு ஒரு புது வெட்டு அச்சைத் தயார் செய்து, சில நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். லாபம் கண்கூடு, செலவும் குறைவு. ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் ரொம்பக் கொஞ்சம் பேரே அதைப் பயன்படுத்தினார்கள்.

ஏன் என்று தோண்டினால், வெட்டுபவருக்கு எண்ணிக்கைக்குக் கூலி. ரெக்ஸின் மிச்சமானால் அவருக்கு ஒன்றும் கிடையாது. புது அச்சு கை பழகும் வரை வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். அதனால் 'இது சரிப்பட்டு வராது முதலாளி' என்று சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் அதை நம்பினார்கள்.

அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் முக்கியம். சில நிறுவனங்களில், புது அச்சில் திறமையாக வெட்டிக் காட்டினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் ஒரே தடவையாகத் தருகிறோம் என்று தொழிலாளிக்குச் சொன்னார்கள். அந்த நிறுவனங்களில் புது அச்சைப் பயன்படுத்துவது குறிப்பிடத்தக்க அளவு கூடியது. முதலாளிக்குக் கிடைக்கிற லாபத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை அற்பம்.

இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புரிகிறது. புளூம் குழு 'முதலாளிக்குத் தகவல் இல்லை' என்கிறது. சியால்கோட் ஆய்வு, அந்தத் தகவல் யாரிடம் இருக்கிறது, அவர் ஏன் அதை மேலே சொல்லமாட்டார் என்பதைக் காட்டுகிறது. ஒரு பழக்கத்தின் பலன் ஒருவருக்கும் சுமை இன்னொருவருக்கும் போனால், அந்தப் பழக்கத்தை மேற்பார்வையால் மட்டும்தான் நிறுத்திவைக்க முடியும். மேற்பார்வை போனதும் பழக்கமும் போகும். தாராப்பூரில் பாதி உதிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்த ஆய்வு இதை நேரடியாகச் சோதிக்கவில்லை.

பலன் வந்தால் எங்கே போகிறது

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் செய்தது. தையல் வேலை செய்யும் பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்ற மென்திறன் பயிற்சி. இதிலும் குலுக்கல்தான். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்களின் கூலி எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? அரை சதவீதம் போல.

ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, முன்வரிசையிலேயே சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பயிற்சிகளைப் பற்றி வெளியே பேசும்போது முதல் எண்தான் மேடை ஏறும், இரண்டாவது எண் திரைக்குப் பின்னால் நிற்கும். அந்தப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வந்தது, பேச வந்தது, அது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பழக்கம் மாறினால் வாழ்க்கை மாறும் என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள் யாருடைய வாழ்க்கை, எத்தனை சதவீதம் என்று சேர்த்து எழுதினால் நல்லது.

அமெரிக்கக் கதையில் விட்டுப்போன வரி

பழக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு கதை உண்டு. சார்லஸ் டுஹிக்கின் 2012 புத்தகத்தால் பரவியது. பால் ஓ'நீல் 1987-ல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்துக்குத் தலைவரானார். லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஒரே ஒரு மையப் பழக்கத்தை மாற்றினார், மற்றதெல்லாம் தானாக மாறியது. இப்படித்தான் பயிற்சி வகுப்பில் சொல்லப்படும்.

அதில் விட்டுப்போவது ஒரு வரி. எங்கே யாருக்குக் காயம் பட்டாலும் அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் ஓ'நீலிடம் தெரிவிக்க வேண்டும், இனி நடக்காமல் இருக்க என்ன திட்டம் என்றும் சொல்ல வேண்டும். சுமை யார் தலையில் ஏறியது பாருங்க. காயம் பட்ட தொழிலாளி படிவம் நிரப்பிக்கொண்டு நிற்கவில்லை. மேலே இருப்பவருக்குத்தான் தூக்கம் கெட்டது. கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் 24 மணி நேரத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால் கீழே இருப்பவரிடம் கேட்கிற வழக்கம் வந்தது. அல்கோவா கதையின் பாடம் 'ஒரு பழக்கத்தைப் பிடி' என்பதாகத் தோன்றவில்லை எனக்கு. பழக்கத்தின் செலவை அதைத் தாங்கக்கூடியவர் கணக்கில் வை என்பதாகத்தான் தோன்றுகிறது.

பக்கத்திலேயே ஒரு உதாரணம்

ஆள் மாறினாலும் நிற்கிற பழக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அமெரிக்கா வரை போக வேண்டாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போதும். திருநெல்வேலியில் அதன் கிளைக்குச் சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து போய் வராத குடும்பம் குறைவு. அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்வது, கிராமங்களில் இருந்து தேர்ந்தெடுத்து மருத்துவமனையே இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள்.

இங்கே 'நேரத்தை வீணாக்காதே' என்ற பழக்கம் யாருடைய மனதிலும் தனியாகக் குடியிருக்கவில்லை. மேசை போட்ட விதத்தில் இருக்கிறது. பயிற்சிக்கான நேரம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 2006-ல் மறைந்தார். இரண்டு மேசை முறை அவரோடு போகவில்லை.

தறிக்கூடத்தில் என்ன செய்யலாம்

இதற்கு ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதும்தான். கூடம் வைத்திருப்பவரும் பெரிய முதலாளி இல்லையே. நூல் விலை அவர் கையில் இல்லை, சேலை விலையும் அவர் கையில் இல்லை. அவரே பல நேரம் தறியில் நிற்பவர். அவரிடம் போய் 'எழுதுகிற நேரத்துக்கும் கூலி கொடு' என்றால் எங்கே போவார்?

சரிதான். அதனால்தான் பேச்சு கூடத்துக்குள்ளேயே முடிய முடியாது என்கிறேன். குறை குறைந்தால் லாபம் சேலையை வாங்கி விற்பவர் வரை போகிறது. அப்படியென்றால் செலவிலும் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். விசைத்தறி ஊர்களில் கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடப்பது புதிதில்லை. தொழிலாளர் ஒரு பக்கம், உற்பத்தியாளர் ஒரு பக்கம் உட்கார்ந்து சேலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். அந்த மேசையில் ஒரு சின்ன ஷரத்தாக இதையும் வைக்கலாம் என்பது என் யோசனை. தானாக எழுதிக் கொடுத்த குறைக்குப் பிடித்தம் கிடையாது. எழுதுவதற்கு மாதம் அரை நாள் கூலி தனியாக. மூன்று மாதம் பார்க்கலாம். குறை குறையாவிட்டால் நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. புதுப் பழக்கத்தைக் கொண்டுவரும் முன்னால், இருக்கிற பழக்கத்தைப் பார்க்க வேண்டும். தறி ஓட்டுபவர் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு நாலாவது தறிக்குப் போவார். சத்தம் மாறியிருக்கும், நமக்குக் கேட்டிருக்காது. ஷிப்ட் முடிந்து போகிறவர் அடுத்து வருபவருக்கு நாலு தார் எடுத்து வைத்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்குக் காசும் இல்லை. நாளைக்கு அவருக்கும் இன்னொருவர் எடுத்து வைப்பார், அவ்வளவுதான். பலனும் சுமையும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவதால் அது நிற்கிறது. 38 அம்சப் பட்டியலோடு வருகிற ஆலோசகர் கண்ணில் இது 'நடைமுறை இல்லை' என்றுதான் பதிவாகும், ஏனென்றால் எழுதி வைக்கவில்லை.

ஆக, இனி யாராவது உங்க அலுவலகத்திலோ கடையிலோ கூடத்திலோ 'நல்ல பழக்கம்' ஒன்றைக் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இதற்கு ஆகும் நிமிடங்கள் யாருடையவை? இதனால் மிச்சமாவது யார் பைக்குப் போகும்? இதைக் கொண்டுவந்த மேலாளர் நாளைக்கு வேலை மாறிப் போனால், இது தொடரவேண்டும் என்று யார் கேட்பார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர்கூடத் தோன்றாவிட்டால், முதல் இரண்டு கேள்விக்கும் சரியான பதில் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். தாராப்பூரில் ஒன்பது வருடத்தில் பாதி போனது. நம்மூரில் ஒன்பது மாதம்கூட ஆகாது.